சோறும் துணியும் உண்டு, பங்கு இல்லை

மதுரையிலிருந்து அழகர்கோவில் போகும் சாலையிலும் நத்தம் சாலையிலும் ஆதரவற்ற பிள்ளைகளுக்கான இல்லங்கள் உண்டு. ஞாயிற்றுக்கிழமை ஆனால் அங்கே வேன்கள் வந்து நிற்கும். பிறந்தநாள், அப்பாவின் நினைவுநாள், கல்லூரி என்.எஸ்.எஸ். முகாம், கம்பெனியின் சமூகப் பொறுப்பு என்று ஏதோ ஒரு காரணம் இருக்கும். பிரியாணிப் பொட்டலம், பெட்டி பெட்டியாகப் பழைய துணி, நோட்டு, பேனா, கேக். பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்து ஒரு போட்டோ. மதியம் இரண்டு மணிக்கெல்லாம் வேன் மலையடிவாரத்துக்கோ வீட்டுக்கோ கிளம்பிவிடும்.

அந்தப் பிள்ளைகளில் காது கேளாதவர்களும் இருப்பார்கள். வந்தவர்களில் ஒருவருக்கும் அவர்களோடு ஒரு முழு வாக்கியம் பேசத் தெரிந்திருக்காது. பல இடங்களில் அங்கேயே வேலை பார்ப்பவர்களுக்கும் தெரியாது. நான் வேலை நிமித்தமாகப் போன ஓர் இல்லத்தில், வந்திருந்த விருந்தினர் மைக் பிடித்து அப்துல் கலாமைப் பற்றி இருபது நிமிடம் பேசினார். முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களில் ஏழெட்டுப் பேர் காது கேளாத பிள்ளைகள். வார்டன் அந்த இருபது நிமிடத்தையும் மூன்று சைகையில் முடித்தார்: படி, சாப்பிடு, கும்பிடு.

தன்னார்வலர்களின் நல்ல மனசைக் கேலி செய்ய இதை எழுதவில்லை. நம் வாசகர்களில் பலர் அந்த வேனில் போனவர்கள்தான். சோற்றையும் துணியையும் கொடுத்துவிட்டு மற்றதை மறுக்கும் இந்த ஏற்பாடு எங்கிருந்து வந்தது என்பதுதான் என் கேள்வி. அதற்கு நீண்ட வரலாறு உண்டு. சாதியின் வரலாறும் இதன் வரலாறும் பல இடங்களில் ஒரே தாளில் எழுதப்பட்டிருக்கின்றன.

மனுஸ்மிருதியின் 9ஆம் அத்தியாயம் சொத்துப் பங்கீட்டைப் பேசுவது. அதன் 201ஆம் சுலோகம் யாருக்கெல்லாம் பங்கு கிடையாது என்று அடுக்குகிறது. ஆண்மையற்றவர், பதிதர், பிறவிக் குருடர், செவிடர், பித்தர், மந்த புத்தியுடையவர், ஊமை. அடுத்த சுலோகத்தையும் சேர்த்துப் படியுங்கள். இவர்களுக்குச் சோறும் துணியும் முடிந்தவரை தர வேண்டும், அதுதான் நியாயம் என்கிறது அது. ஆக மனு இவர்களைத் தெருவில் விடச் சொல்லவில்லை. வயிற்றுக்குப் போடச் சொல்கிறார், பங்கு கேட்க விடாதே என்கிறார். தருமம் என்ற பெயரில் நம் ஊரில் இன்றுவரை நடப்பதற்கு இதைவிடச் சுருக்கமான வரையறை கிடைக்காது. 7ஆம் அத்தியாயத்தில் இன்னொரு பட்டியலும் இருக்கிறது. அரசன் ஆலோசனை நடத்தும்போது யாரை வெளியே அனுப்ப வேண்டும் என்ற பட்டியல். அதிலும் ஊமையும் செவிடும் இருக்கிறார்கள். கூடவே பெண்களும் மிலேச்சர்களும்.

இங்கே ஒரு விளக்கம் தேவை. 'பதிதர்' என்பது சாதியிலிருந்து விலக்கப்பட்டவரைக் குறிக்கும் சொல், சேரியில் பிறந்தவரை அல்ல. சேரியில் பிறந்தவருக்கு அந்த அத்தியாயத்தில் இடமே கிடையாது. அவர் 10ஆம் அத்தியாயத்தில் வருகிறார். ஊருக்கு வெளியே குடியிருக்க வேண்டும், பிணத்தின் துணியை உடுத்த வேண்டும், உடைந்த பாத்திரத்தில் உண்ண வேண்டும் என்று சண்டாளருக்கு விதி. சூத்திரருக்கோ மிச்சச் சோறும் பழந்துணியும். இல்லத்து வாசலில் இறங்கும் பழைய துணிப் பெட்டிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த அத்தியாயம்தான் நினைவுக்கு வரும். என் படிப்பு செய்த வேலை அது.

இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆங்கிலேயர் நீதிமன்றங்கள் 'இந்து சட்டம்' என்ற பெயரில் இந்த விலக்கை நடைமுறைப்படுத்தின. பிறவியிலேயே காது கேளாத, பேச முடியாத மகன் அப்பாவின் நிலத்தில் பங்கு கேட்டால், அவன் பிறவியிலேயே அப்படியா என்று விசாரித்துப் பங்கை மறுத்தார்கள். அந்த ஒரு சுலோகத்தை வெட்ட இரண்டு சட்டங்கள் தேவைப்பட்டன. 1850ஆம் ஆண்டின் 21ஆம் சட்டம், சாதியிலிருந்து விலக்கப்பட்டவரும் மதம் மாறியவரும் சொத்துரிமையை இழக்க மாட்டார்கள் என்றது. பதிதர் பட்டியலிலிருந்து வெளியேறினார். செவிடரும் ஊமையும் குருடரும் வெளியேற இன்னும் 78 ஆண்டுகள் ஆயின. 1928ஆம் ஆண்டின் 12ஆம் சட்டம், இந்து வாரிசுரிமைத் தடை நீக்கச் சட்டம், நோயோ உடல் குறையோ காரணமாக மட்டும் பங்கை மறுக்கக் கூடாது என்றது. அப்போதும் பிறவியிலேயே மனநலம் குன்றியவரை வெளியே நிறுத்திவிட்டுத்தான் கதவைத் திறந்தார்கள்.

1927 டிசம்பர் 25 அன்று மகாத்தில் அண்ணல் அம்பேத்கர் தலைமையில் மனுஸ்மிருதி எரிக்கப்பட்டது. நாம் ஆண்டுதோறும் நினைவுகூரும் நாள். எரிந்த பக்கங்களில் 9:201ம் இருந்தது. அதே நூலின் அந்த ஒரு விதியைச் சட்டமே நீக்கியது அதற்கு அடுத்த ஆண்டு. ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் மகாத் நாளைப் பேசும் நம் கூட்டங்களில் காது கேளாதவர்களுக்கும் அந்தத் தீயில் பங்கு உண்டு என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

வடமொழி நூலைத் திட்டிவிட்டுத் தமிழ் மரபு இதில் சுத்தம் என்று மார்தட்டவும் வழியில்லை. புறநானூற்றின் 28ஆம் பாட்டு, உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளிக்குச் சொன்னது, எட்டு வகைப் பிறப்புகளை 'எச்சம்' என்று பட்டியலிடுகிறது. ஊமும் செவிடும் அதில் உண்டு. பயனற்ற பிறப்பு என்ற பார்வைதான் அதிலும். 'செவிடன் காதில் ஊதிய சங்கு' என்று மேடைக்கு மேடை முழங்கும் நம் தோழர்களும் ஒருநாள் யோசிக்கட்டும்.

பள்ளிக்கூடக் கதவு எப்போது திறந்தது? 1890களில். சென்னை மாகாணத்தில் அந்தப் பத்தாண்டு முக்கியமானது. செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் பறையர்களின் நிலைமை பற்றி எழுதிய அறிக்கையும், அதைத் தொடர்ந்து 1892இல் வந்த பஞ்சமி நில அரசாணையும் அந்தக் காலத்தவை. 1894இல் அடையாற்றில் ஆல்காட் பஞ்சமர் பள்ளியைத் தொடங்கினார். அதே பத்தாண்டின் நடுவில் பாளையங்கோட்டையில் ஃபுளோரன்ஸ் ஸ்வைன்சன் என்ற மிஷனரிப் பெண் காது கேளாத பிள்ளைகளுக்காக ஒரு பள்ளியைத் தொடங்கினார். இந்தியாவில் அதற்கு முன்பு இருந்தவை பம்பாயிலும் கல்கத்தாவிலும்தான். பாளையங்கோட்டைப் பள்ளி இன்றும் நடக்கிறது, அவர் பெயரிலேயே. தென் மாவட்டங்களில் காது கேளாத முதியவர்கள் யாரையாவது சந்தித்தால் எங்கே படித்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். பலரின் கை பாளையங்கோட்டைப் பக்கம் காட்டும். மிஷனரிகள் மதம் மாற்ற வந்தவர்கள்தானே என்பார்கள். வந்த காரணம் எதுவானாலும், அதுவரை இந்தப் பிள்ளைகளை வகுப்பில் உட்கார வைக்க இந்த ஊர் மடங்களுக்கும் சத்திரங்களுக்கும் தோன்றவில்லை.

ஆனால் திறந்த கதவுக்குள் வேறொரு சங்கடம் காத்திருந்தது. 1880இல் இத்தாலியின் மிலான் நகரில் காது கேளாதோர் கல்வியாளர்களின் மாநாடு நடந்தது. 164 பேராளர்கள். அவர்களில் காது கேளாதவர் ஒரே ஒருவர். சைகை கூடாது, வாயசைவைப் பார்த்துப் பேசக் கற்றுக்கொடுப்பதுதான் கல்வி என்று அங்கே தீர்மானம் போட்டார்கள். உலகம் முழுக்கப் பள்ளிகளில் சைகை மொழி ஓரங்கட்டப்பட்டது, கையசைத்த பிள்ளைகள் அடிபட்டார்கள். இந்தியாவில் இந்தக் கல்வி வேர்விட்டதே அந்தத் தீர்மானத்துக்குப் பிறகுதான். எனவே நம் பள்ளிகளிலும் வாய்ப்பேச்சுப் பயிற்சியே கல்வி என்ற எண்ணம் நீண்ட காலம் கோலோச்சியது. பிள்ளைகள் வகுப்பில் வாயைத் திறந்தார்கள், விடுதியில் விளக்கணைவதற்கு முன் கைகளால் பேசிக்கொண்டார்கள். அந்த விடுதிகள்தான் சைகை மொழியைக் காப்பாற்றின. ஏகலைவனிடம் விரலைக் கேட்ட கதையை மேடையில் சொல்லும்போது இந்தக் கைகளையும் நினைத்துக்கொள்ளலாம். மிலான் தீர்மானத்துக்கு வருத்தம் தெரிவிக்க 2010 ஆனது, வான்கூவர் மாநாட்டில்.

மொழி காதில் இல்லை, கூட்டத்தில் இருக்கிறது. இதற்கு இரண்டு சாட்சிகள் உண்டு, ஒன்று கொடுமையானது. அக்பர் சில கைக்குழந்தைகளைத் தனி மாளிகையில் வைத்து, பேச்சே காதில் விழாமல் வளர்க்க உத்தரவிட்டார். செவிலியர் வாய் திறக்கக் கூடாது. சில ஆண்டுகள் கழித்து, 1580களின் தொடக்கத்தில், அவர் போய்ப் பார்த்தபோது ஒரு சொல்கூட எழவில்லை என்று அபுல் ஃபசல் எழுதி வைத்திருக்கிறார். அந்த இடத்துக்கு 'குங் மஹல்', ஊமைகளின் மாளிகை என்று பெயர். குழந்தைகளுக்குக் காது நன்றாகவே கேட்டது. இல்லாதது அவர்களோடு பேசும் மனிதர்கள்.

மற்றது நிகராகுவா. அங்கே 1970களின் கடைசிவரை காது கேளாத பிள்ளைகள் தனித்தனி வீடுகளில் முடங்கிக் கிடந்தார்கள். தலைநகர் மனாகுவாவில் பள்ளி தொடங்கி நூற்றுக்கணக்கானவர்களை ஒன்றாகச் சேர்த்தார்கள். ஆசிரியர்கள் ஸ்பானிய வாய்ப்பேச்சைத்தான் கற்றுத்தர முயன்றார்கள், அது ஏறவில்லை. ஆனால் மைதானத்திலும் பேருந்திலும் பிள்ளைகள் வீட்டிலிருந்து கொண்டுவந்த சைகைகளைச் சேர்த்துச் சேர்த்துப் புதிய மொழியையே உருவாக்கினார்கள். சின்னப் பிள்ளைகள் அதை இன்னும் செழுமையாக்கினார்கள். 1986இல் மொழியியலாளர் ஜூடி கெகல் போய்ப் பார்த்தபோது முழு இலக்கணத்தோடு ஒரு மொழி உருவாகிக்கொண்டிருந்தது. நம்மூர்ச் சைகை மொழியையும் வெறும் கையாட்டல் என்றுதான் சொல்லி வந்தார்கள். இமாசலக் கிராமம் ஒன்றில் பிறந்து 11 வயதில் கேட்கும் திறனை இழந்த மதன் வசிஷ்டாவும், ஜேம்ஸ் உட்வர்டு முதலியோரும் 1970களின் பிற்பகுதியிலிருந்து டெல்லி, கல்கத்தா, பம்பாய், பெங்களூரில் ஆய்வு செய்து, இது தனக்கென இலக்கணம் உள்ள மொழி என்று காட்டினார்கள்.

இனி நம் கிராமத்துக்கு வருவோம். காது கேளாத குழந்தைகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் காது கேட்கும் பெற்றோருக்குப் பிறக்கின்றன. அழகர்கோவிலைச் சுற்றியுள்ள ஏதோ ஒரு காலனியில் அப்படி ஒரு பிள்ளை பிறந்தால் ஊரிலேயே அது ஒன்றுதான். அம்மாவும் பிள்ளையும் சேர்ந்து முப்பது நாற்பது சைகைகளை உண்டாக்குவார்கள். தண்ணி, சோறு, ஆடு, அடி, அப்பா, மழை. 'வீட்டுச் சைகை' என்று இதற்குப் பெயர். இதில் நேற்று என்ன நடந்தது என்று சொல்ல முடியாது, ஏன் என்று கேட்க முடியாது. மொழி ஊன்ற வேண்டிய முதல் ஐந்தாறு வருடம் இப்படியே கழிகிறது. (அக்காள் மகளையும் மாமன் மகளையும் கட்டும் வழக்கம் பிறவிச் செவிட்டுத்தன்மையின் வாய்ப்பைக் கூட்டுகிறது. சாதியின் உயிர்நாடி அகமணம் என்று அண்ணல் 1916இலேயே சொன்னார். அகமணத்திலும் நெருங்கிய அகமணம் இது.)

'அனாதை' என்ற சொல்லையும் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும். இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பலருக்குத் தாயோ தகப்பனோ உண்டு. செங்கல் சூளைக்கும் திருப்பூருக்கும் போகும் குடும்பம், காது கேளாத பிள்ளையை எங்கே விடுவது என்று தெரியாமல் இல்லத்தில் விடுகிறது. விடுமுறைக்கு ஊருக்கு வந்தால் அந்தப் பிள்ளைக்குப் பேச ஆளில்லை. வருடங்கள் போகப் போக அம்மாவோடு இருந்த அந்த முப்பது சைகையும் மறந்துபோகிறது. அப்புறம் அது அனாதைதான்.

நாடே பார்த்த ஒரு வழக்கு இருக்கிறது, கீதாவுடையது. சிறுமியாக இருந்தபோது எப்படியோ ரயிலேறி எல்லை தாண்டி லாகூர் போய்விட்டார். எதி அறக்கட்டளை அவரை வளர்த்தது. காதும் கேட்காது, எழுதவும் தெரியாது, பெயர் தெரியாது, ஊர் தெரியாது. பில்கிஸ் எதி அவருக்குக் கீதா என்று பெயர் வைத்து, சாமி படங்களும் வாங்கிக் கொடுத்து வைத்திருந்தார். 2015 அக்டோபரில் இந்தியாவுக்கு அழைத்து வந்தார்கள். விமான நிலையம், கேமரா, தலைவர்கள், எல்லாம் இருந்தது. பெற்றோர் என்று உரிமை கோரி வந்தவர்களின் டி.என்.ஏ. பொருந்தவில்லை. இந்தூரில் காது கேளாதோர் இல்லத்தில் தங்கினார். அங்கே சைகை மொழி தெரிந்தவர்கள் அவரோடு உட்கார்ந்து, நினைவில் இருந்ததைத் துண்டு துண்டாகக் கேட்டார்கள். ஒரு ரயில் நிலையம், பக்கத்தில் ஆறு, கோயில், வயலில் விளைந்தது என்ன, வீட்டில் என்ன சாப்பிட்டார்கள். அதைப் பிடித்துக்கொண்டு மராட்டியம், தெலங்கானா என்று தேடினார்கள். 2021இல் மராட்டியத்தின் மராத்வாடாப் பகுதியில் ஒரு தாய் அடையாளம் காணப்பட்டார். வைத்த பெயர் ராதா என்று தெரிந்தது. தகப்பன் அதற்குள் இறந்திருந்தார்.

இரண்டு அரசுகளின் வெளியுறவுத் துறைகளால் கண்டுபிடிக்க முடியாததை, பொறுமையாக எதிரே உட்கார்ந்து கையால் பேசியவர்கள் கண்டுபிடித்தார்கள். ஆதரவற்ற குழந்தை கிடைத்தால் 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும் என்கிறது இளைஞர் நீதிச் சட்டம். குழுமம் முதலில் கேட்பது பெயர், ஊர், அப்பா அம்மா யார். நம் மாவட்டங்களில் அந்த மேசையில் கோப்பு இருக்கும், உறுப்பினர்கள் இருப்பார்கள். அந்தப் பிள்ளையின் கையைப் படிக்கத் தெரிந்தவர் இருப்பாரா?

எண்ணிக்கையின் கதையும் இதேதான். ஆங்கிலேயர் கணக்கெடுப்புகள் 'செவிட்டு ஊமைகளை' எண்ணின. 1931தான் முழுச் சாதிக் கணக்கின் கடைசி வருடம் என்பது நமக்கு மனப்பாடம். இவர்களை எண்ணுவதும் அதோடு நின்றது. 1981இல் திரும்ப எண்ணியபோது பேச முடியாதவர் இருந்தார், காது கேளாதவர் பட்டியலிலேயே இல்லை. 1991இல் யாரையுமே எண்ணவில்லை. 2011 கணக்கில் செவித்திறன் குறையுடையோர் சுமார் 50 லட்சம், பேச்சுக் குறையுடையோர் சுமார் 20 லட்சம். அதே கணக்கில் மொத்த மக்கள்தொகையில் மாற்றுத்திறனாளிகள் 2.21 சதவீதம், பட்டியல் சாதியினரிடையே 2.45 சதவீதம். அந்தக் கூடுதல் தற்செயலானது என்று நம்ப எனக்கு மனமில்லை. பிரசவ வார்டிலிருந்து காய்ச்சலுக்குப் போடும் ஊசிவரை எங்கே தாமதமாகும், யாருக்குத் தாமதமாகும் என்பது நமக்குத் தெரியும்.

இதெல்லாம் கடைசியில் எங்கே வந்து நிற்கிறது என்றால், சாட்சிக் கூண்டில். மேலூர் வட்டாரத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1997 மேலவளவுப் படுகொலை வழக்கு நின்றதே, கண்ணால் கண்டவர்கள் வாயைத் திறந்ததால்தான். அழகர்கோவில் பதினெட்டாம்படிக் கருப்பர் முன்னால் ஊர் வழக்குகளைச் சத்தியம் செய்து முடிக்கிறார்கள், அதற்கும் வாய் வேண்டும். சட்டம் ஓரளவு முன்னே வந்திருக்கிறது. பேச முடியாத சாட்சி எழுத்திலோ சைகையிலோ சாட்சி சொல்லலாம், மொழிபெயர்ப்பாளர் உதவியும் வீடியோ பதிவும் வேண்டும் என்று சாட்சியச் சட்டத்தின் 119ஆம் பிரிவு 2013இல் திருத்தப்பட்டது. போக்சோ சட்டத்தின் 38ஆம் பிரிவும் சிறப்புக் கல்வியாளரின் உதவியைச் சொல்கிறது. ஆனால் மொழிபெயர்ப்பாளர் ஒரு மொழியைத்தான் பெயர்ப்பார். மொழியே கொடுக்கப்படாத பிள்ளையின் முப்பது சைகையை அவர் என்ன செய்வார்? அந்தப் பிள்ளையை என்ன செய்தாலும் வெளியே வராது என்பது செய்கிறவனுக்குத் தெரியும். சேரிப் பிள்ளை, கேட்பாரற்ற பிள்ளை, சொல்ல மொழி இல்லாத பிள்ளை. மூன்றும் சேர்ந்த இடத்தில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம்கூட முதல் தகவல் அறிக்கையைத் தாண்டாது.

உரிமை தாளில் இல்லாமல் இல்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 17ஆம் பிரிவில், சைகை மொழி தெரிந்த ஆசிரியர்களைப் பயிற்றுவித்து வேலைக்கு அமர்த்தச் சொல்கிறது, மாற்றுத்திறனாளி ஆசிரியர்களையும் சேர்த்து. டெல்லியில் இந்திய சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையம் 2015இல் தொடங்கப்பட்டது. அதன் அகராதி 2018இல் 3,000 சொற்களோடு தொடங்கி 2021இல் 10,000 சொற்களுக்கு வளர்ந்தது, வீடியோவாக, இலவசமாக. 2023 செப்டம்பரில் வழக்கறிஞர் சாரா சன்னிக்காக உச்ச நீதிமன்றத்தில் சைகை மொழிபெயர்ப்பாளர் அனுமதிக்கப்பட்டார். மதுரைப் பெண் ஜெர்லின் அனிகா 2022இல் பிரேசிலில் நடந்த காது கேளாதோர் ஒலிம்பிக்கில் பூப்பந்தில் மூன்று தங்கம் வாங்கினார். ஊர் முழுக்க பேனர் வைத்தோம். அவருடைய மொழியில் வாழ்த்துச் சொல்ல எத்தனை பேருக்குத் தெரிந்தது?

தோழர்களே, போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. போகிற விதத்தை மாற்றச் சொல்கிறேன். பத்துப் பேர் பத்து இல்லத்துக்குப் போவதைவிட, இரண்டு பேர் ஒரே இல்லத்துக்கு இரண்டு வருடம் போகலாம். போவதற்கு முன் ஆறு மாதம் மொழி படிக்கலாம். அதைவிட முக்கியம், காது கேளாத பெரியவர் ஒருவரைக் கூட்டிப்போவது. மதுரையில் தையல் கடையில், அச்சகத்தில், பேக்கரியில் வேலை பார்க்கும் காது கேளாதவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்குச் சங்கங்களும் உண்டு. அப்படி ஒரு தையல்காரர் ஒருமுறை எங்களோடு வந்தார். எங்களைப் பார்த்து ஓரமாய் நின்ற பிள்ளைகள் அவரைச் சுற்றி உட்கார்ந்து எழுந்திருக்கவே இல்லை. தன்னைப் போன்ற ஒருவர் வளர்ந்து, கல்யாணம் கட்டி, கடை வைத்திருக்க முடியும் என்பதே அவர்களில் சிலருக்குப் புதுச் செய்தி. அவருக்கு அன்றைய கூலி போய்விட்டது. கேக் வாங்கும் காசை அப்படி வருகிறவருக்குச் சம்பளமாகக் கொடுங்கள். அதை நன்கொடைக் கணக்கில் எழுதாதீர்கள், ஆசிரியர் ஊதியம் என்று எழுதுங்கள்.

இன்னொரு வேலை மேசையில் உட்கார்ந்தே செய்யலாம். தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கு ஒன்று, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு ஒன்று. மாவட்டத்தில் பதிவு பெற்ற இல்லங்களில் காது கேளாத பிள்ளைகள் எத்தனை பேர், அவர்களில் பட்டியல் சாதியினர் எத்தனை பேர், அந்த இல்லங்களில் சைகை மொழியில் சான்றிதழ் பெற்ற பணியாளர் எத்தனை பேர், குழந்தைகள் நலக் குழுமம் கடந்த மூன்று ஆண்டுகளில் எத்தனை முறை சைகை மொழிபெயர்ப்பாளரை அழைத்தது, அவருக்கு எவ்வளவு கட்டணம் கொடுக்கப்பட்டது. பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டினால் போதும். முப்பது நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் மேல்முறையீடு. வந்த பதில்களை எனக்கு அனுப்புங்கள், மாவட்டவாரியாகத் தொகுத்து இங்கேயே போடுகிறேன்.